நத்தையின் பதினொரு நிமிடம்

பதினேழாவது எபிசோடுக்கான கதை ஒரு திங்கட்கிழமை காலை பாப்புவின் மேஜைக்கு வந்தது. ஒன்பது பக்கம். படித்து முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

பாப்பு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். முப்பத்து நான்கு வயதாகியும் அது அவளை விடவில்லை. ஒருமுறை அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்து "பாப்பு இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து அங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றுக்கு ஸ்டோரிபோர்டு வரைவது அவள் வேலை. எழுதி வருகிற கதையைக் கட்டம் கட்டமாகப் படமாக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எப்போது முகம் மட்டும் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அவள் போடும் கட்டங்களில்தான் முதலில் முடிவாகும். அசைவு, வண்ணம், இசை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

தொடரின் பெயர் 'இலைக்கடியில்'. ஒரு பெரிய இலையின் நிழலில் வாழும் சின்னச் சின்ன ஜீவன்களின் கதை. நத்தையும் வெட்டுக்கிளியும் முதல் எபிசோடிலிருந்தே ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. வெட்டுக்கிளி ஒரே தாவலில் முன்னால் போய் நின்று நத்தைக்காகக் காத்திருக்கும். காத்திருந்ததை நாள் முழுக்கச் சொல்லிக் காட்டும். பதினாறாவது எபிசோடின் முடிவில் நத்தை பொறுக்க முடியாமல் பிரிந்து வந்துவிட்டது. பதினேழாவது, அதற்குப் பிறகு நத்தை தேறுவதைப் பற்றியது.

கதைக்காரர் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். முதல் மூன்று நிமிடம் நத்தை ஓட்டுக்குள் சுருண்டு அழுகிறது. நடுவே இரண்டு பழைய நினைவுகள் வருகின்றன. இரண்டிலும் வெட்டுக்கிளி நத்தையை மட்டம் தட்டுகிறது. பிறகு மண்புழு வந்து ஆறுதல் சொல்கிறது. பிறகு ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது நத்தை சிரிக்கிறது. மொத்தம் பதினொரு நிமிடம்.

பாப்பு தன் கணவரை விட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பகலெல்லாம் கீழேயிருந்து இஸ்திரி ஆவியின் சூடு தரை வழியாக ஏறும். இன்னும் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. என்ன வருகிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் அவளை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அதனாலேயே அவளுக்கு யாரிடமும் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "அஞ்சு மணிக்கு வரச் சொன்னீங்களே" என்பாள். "ஆறுன்னுதான் சொன்னேன். நல்லா யோசிச்சுப் பாரு" என்பார், சிரித்துக்கொண்டே. அவளும் யோசிப்பாள். யோசிக்க யோசிக்க ஆறு என்றுதான் படும். பிறகு, அவர் சொல்கிற நேரத்தையெல்லாம் மணிக்கட்டில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தக் கையைப் பிடித்து நண்பர்களிடம் காட்டி, "எங்க வீட்டு நோட்டீஸ் போர்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வீடு திரும்பும் வழியில், "நீ இன்னைக்கு ரொம்பப் பேசிட்டே. அவங்களுக்குப் பிடிக்கல. நான் சொல்லலேன்னா உனக்கு யாரு சொல்லப் போறாங்க?" என்றார்.

இதே மனிதர்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான்கு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளைகளை நார் எடுத்துக் கொடுத்தார். இதில் எது அவர் என்ற கேள்விக்கு ஏழு மாதமாக அவளிடம் பதில் இல்லை. வெளியூரில் இருந்த அம்மாவிடம் மட்டும் இருந்தது. "மாப்பிள்ளை தங்கமான மனுஷன். நீதான் எதையோ பெருசா எடுத்துக்கிட்டே."

பாப்பு நான்கு நாளில் நூற்று எண்பது கட்டம் போட்டு முடித்தாள். வெள்ளிக்கிழமை டைரக்டர் அம்மாள் பார்க்க வந்தார். அவருக்கு முதுகுவலி. நாற்காலியில் உட்காராமல் ஒரு பெரிய உடற்பயிற்சிப் பந்தை உருட்டிக்கொண்டு மேஜை மேஜையாகப் போவார். அதன்மேல் உட்கார்ந்து லேசாக மேலும் கீழும் ஆடியபடியே கட்டங்களைத் தள்ளிப் பார்த்தார். முதல் நினைவுக் காட்சியில் ஆட்டம் நின்றது.

"வெட்டுக்கிளி ஏன் இவ்வளவு லட்சணமா இருக்கான்?"

"அவன் எப்பவும் அப்படித்தானே மேடம் இருப்பான்?"

"அதைச் சொல்லல. பாரு, நத்தையைத் திட்டுறான். ஆனா கண்ணுல பாசம் சொட்டுது. பாக்கற பிள்ளைங்க நத்தைக்குத்தான் கிறுக்குன்னு நெனைக்கும்."

"நெனைக்கட்டுமே" என்று பாப்பு வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அவளுடைய விஷயம் அலுவலகத்தில் அரசல்புரசலாகத் தெரியும். யாரும் கேட்டதில்லை. "கொஞ்சம் முறைக்க வெச்சுடு. புருவத்தைச் சாய்ச்சா போதும்" என்று சொல்லிவிட்டுப் பந்தை உருட்டிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

பாப்பு புருவத்தைச் சாய்த்தாள். வெட்டுக்கிளி கொள்ளைக்காரன் போல் ஆனான். அழித்தாள். உதட்டைக் கோணலாக்கினாள். பல்வலிக்காரன் ஆனான். ஏழு முறை வரைந்து ஏழு முறை அழித்தாள். இப்படிப்பட்டவனை விட்டுவிட்டு வர ஒரு நத்தைக்குப் பதினாறு எபிசோடு எதற்கு? முதல் நாளே ஓடியிருக்குமே. கடைசியில் புருவத்தை இருந்தபடியே விட்டுவிட்டு, நத்தையின் பக்கம் இருட்டைக் கொஞ்சம் கூட்டினாள். அது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் கட்டங்களை வரிசையாகக் கோர்த்து, நேரம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தற்காலிகமாக ஒரு குரல் பதிவு தேவை. நிஜக் குரல்காரர்கள் பின்னால்தான் வருவார்கள். அதுவரை அலுவலகத்தில் யார் கையில் கிடைக்கிறார்களோ அவர்கள் பேசுவார்கள். வெட்டுக்கிளிக்கு வழக்கமாக இப்படிப் பேசிக் கொடுக்கும் ஊழியர் அன்று லீவு.

"பாப்பு, நாலே நாலு வசனம்தான். வந்து பேசிட்டுப் போயிடுங்க" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

முன்பு பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறைதான் இப்போது ஒலிப்பதிவு அறை. சுவரெல்லாம் கம்பளி தொங்கும். உள்ளே போனால் சொந்த மூச்சு காதில் கேட்கும். பாப்பு தாளைப் பார்த்துப் படித்தாள். "மந்தமே! உன்னால எப்பவும் எனக்குத் தாமதம்!" அவளுக்கே அபத்தமாகப் பட்டது.

"ஒட்டலையே" என்றது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுக்காரரின் குரல். "தாளை வெச்சுடுங்க. உங்க இஷ்டத்துக்கு ஒரு தடவை பேசுங்க. நேரம் மட்டும் பாத்துக்குவோம்."

பாப்பு தாளைக் கீழே வைத்தாள். என்ன பேசுவது என்று யோசிக்கக்கூட இல்லை.

"நான் எங்க கோவப்பட்டேன்? நல்லா யோசிச்சுப் பாரு. நான் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். நீ மெதுவா வர்றது எனக்குப் பழகிடுச்சும்மா. வேற யாராவதா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பாங்க. நான் போனேனா? உன்னால எல்லார் முன்னாலயும் எனக்கு எவ்வளவு சங்கடம்னு ஒரு நாளாவது வாயத் திறந்திருக்கேனா? இப்ப நீ கேட்டதனால சொல்றேன். அவ்வளவுதான். அழாத. நீ அழுதா நான் தப்புப் பண்ண மாதிரி இருக்கு."

நாற்பது வினாடி. குரல் தாழ்ந்து, மென்மையாக, கொஞ்சம் களைத்துப்போய் வந்தது. அது அவள் குரல் இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுக்காரர் முன்கையைத் தேய்த்துக்கொண்டார். "மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எங்கேருந்து புடிச்சீங்க இதை?"

டைரக்டர் வந்தார். அதைப் பெரிய ஸ்பீக்கரில் ஐந்து முறை போட்டுக் கேட்டார்கள். நடுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். யாரோ கை தட்டினார். பாப்பு பேனாவைத் தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டு, ஐந்தாவது முறை முடியும்வரை எழவில்லை.

அவளைக் குழப்பியது இதுதான். இவ்வளவு சுலபமாக எப்படி வந்தது? ஆறு வருடம் கேட்டது காதில் ஒட்டியிருக்கலாம். ஆனால் இது தொண்டையில் அல்லவா தயாராக இருந்தது? அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. போன வாரம் அக்காவின் ஒன்பது வயது மகள், "சித்தி, என்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே" என்றாள். இவள் என்ன சொன்னாள்? "நான் எப்ப சொன்னேன்? நல்லா யோசிச்சுப் பாரு." குழந்தை யோசித்தது. பிறகு பேசாமல் போய்விட்டது.

அப்படியானால் அந்த வீட்டில் அப்படிப் பேசியது யார்? அவரா, நானா? இரண்டு பேருமா?

பகல் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் போய் நின்று, ஏழு மாதத்தில் முதல் முறையாக அவருக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லும்மா." நேற்றுத்தான் பேசிக்கொண்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"ஒண்ணு கேக்கணும். நான் கிளம்பின அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சா? ரெண்டு பேரும் பேசித்தானே முடிவு பண்ணோம். கொஞ்ச நாள் தனியா இருந்தா உனக்கு நல்லதுன்னு நான்தான் சொன்னேன். பையக்கூட நான்தான் எடுத்துக் குடுத்தேன். அதுவும் மறந்துட்டியா?"

"நீங்க அப்ப தூங்கிட்டு இருந்தீங்க."

"நல்லா யோசிச்சுப் பாரு" என்றார் அன்பாக. "சாப்பிடறியா ஒழுங்கா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

அவர் கேட்டதில் உண்மையான அக்கறை இருந்தது. சத்தியமாக இருந்தது. போனை வைத்த பிறகு அவளுக்கு அந்தக் காலை நேரம் ஞாபகத்தில் ஆடத் தொடங்கியது. அவர் போர்த்திக்கொண்டு தூங்குகிறார், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறாள். இது ஒன்று. அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடி அவள் கையில் கொடுக்கிறார். இது இன்னொன்று. இரண்டாவது, ஐந்து நிமிடத்துக்கு முன்வரை இல்லவே இல்லை. இப்போது ஜிப்பின் சத்தம்கூடக் கேட்டது.

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். மேஜைக்குப் போய் இரண்டையும் வரைந்தாள். ஒவ்வொன்றும் எட்டுக் கட்டம். கதவு, படுக்கை, ஜன்னல் வெளிச்சம், படி எல்லாம் ஒன்றுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் நிஜமாக இருந்தன. பத்து வருடமாக நடக்காததை நடந்ததுபோல் வரைந்து சம்பளம் வாங்குகிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

மாலை வேலை விட்டதும் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிறவள். எந்தச் சோப்புப் போட்டாலும் விரல் நுனியில் மைத்தூள் போகாது. சமையலறை மேஜையில் ஏதோ ஒரு மெஷினின் உள்பாகத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் அவரை விட்டு வந்தேனா, இல்ல அவர் என்னைப் போகச் சொன்னாரா?"

"என்னடி கேள்வி இது, பரீட்சை மாதிரி?"

பாப்பு தாள்களை மேஜையில் வைத்தாள். "இதுல எது நடந்துச்சு?"

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மெஷினில் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்கிற பார்வை அது.

"ரெண்டும் இல்ல" என்றாள்.

"என்ன ரெண்டும் இல்ல?"

"ரெண்டுலயும் நீ செருப்பு போட்டிருக்கே. நீ வெறுங்காலோட வந்தே."

"வெறுங்காலோடயா?"

"ஞாயித்துக்கிழமை காலையில மணி ஏழு இருக்கும். கதவைத் திறந்தா நீ நிக்கறே. கால்ல செருப்பு இல்ல. இடது கால் கட்டை விரல்ல ரத்தம். நான்தான் கழுவி விட்டேன். ரெண்டு நாள் நொண்டிக்கிட்டு இருந்தே. அதுகூட மறந்து போச்சா உனக்கு?"

பாப்புவுக்கு அது ஞாபகமே இல்லை. மேஜைக்கு அடியில் தன் இடது காலைப் பார்த்தாள். விரலில் தழும்பு எதுவும் தெரியவில்லை.

"பை?"

"எந்தப் பை? நீ வெறுங்கையோட வந்தே. மூணு நாள் கழிச்சு நான்தான் அங்க போய் உன் துணியெல்லாம் எடுத்துட்டு வந்தேன். அவரு வாசல்ல நின்னு, 'வேற ஏதாவது வேணுமா, தண்ணி குடிக்கறீங்களா?'ன்னு என்னை அப்படி உபசரிச்சாரு. ஜிப்பு ஒட்டிக்கிச்சுன்னு அவருதான் இழுத்து மூடிக் குடுத்தாரு. என் கையில குடுத்தாரு. உன் கையில இல்ல."

பாப்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். ஜிப் நிஜம். பை நிஜம். அவர் எடுத்துக் கொடுத்ததும் நிஜம். கை மட்டும் வேறு கை. அவர் பொய் சொன்னாரா, குழம்பிப் போய்விட்டாரா? அவளுக்கே செருப்பு மறந்துபோகவில்லையா? எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் இன்னொரு முடிச்சு வந்தது.

"அப்ப அவர் சொன்னதும் முழுப் பொய் இல்லல்ல?" என்றாள்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ இன்னும் அவருக்காக வக்கீல் வேலை பாத்துக்கிட்டு இருக்கியா? பேசி முடிவு பண்ணிட்டுக் கிளம்பற பொண்ணு எதுக்குடி காலை ஏழு மணிக்கு வெறுங்காலோட ஓடி வரும்?"

அந்தக் கேள்வி கையில் பிடித்துக்கொள்ளும்படி கெட்டியாக இருந்தது. இத்தனை நாளில் அப்படி ஒன்று கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"இன்னொண்ணு கேக்கணும். நானும் அவரை மாதிரிப் பேசறேனா?"

அக்கா உடனே இல்லை என்று சொல்லவில்லை. திருகாணி ஒன்றை விரலால் உருட்டினாள். "அப்பப்ப" என்றாள். "ஆனா நீ அதைக் கவனிச்சு வந்து கேக்கறே இல்ல."

உள்ளறையில் குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பாப்பு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நான் சொன்னேன். அப்புறம் சொல்லலேன்னு சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரி."

குழந்தை பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு சந்தேகமாகப் பார்த்தது. "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சித்தி?"

பாப்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யோசிக்கவே இல்ல" என்றாள்.

"அப்ப எப்பப் போறோம்?"

அந்தச் சனிக்கிழமையே போனார்கள். குழந்தை மூன்று மணி நேரம் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. பாப்பு கரையில் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை டைரக்டரையும் கதைக்காரரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினாள். கதைக்காரர் நல்ல மனிதர். மூன்று பெண் குழந்தைகளின் அப்பா. எந்தக் கதையும் தெளிவாக முடிய வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம்.

"பாட்டு வேண்டாம்" என்றாள் பாப்பு. "நத்தை அழவும் வேண்டாம். அதுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியல. அதுதான் கதை. வெட்டுக்கிளி நல்லவனா கெட்டவனா, நாம விட்டுட்டு வந்தோமா, அவன் போகச் சொன்னானா, எதுவும் அதுக்கு நிச்சயமா இல்ல."

"ஏங்க, பாக்கறது குழந்தைங்க. அவங்களுக்குத் தெளிவா சொல்ல வேண்டாமா?"

"எனக்கே தெளிவா இல்லையே சார்."

டைரக்டரின் பந்து தரையில் லேசாக முனகியது. "சரி, நத்தை எப்பத்தான் தேறும்?" என்று கேட்டார்.

"தெரியல மேடம். இந்த எபிசோடுல தேறாது."

நான்கு நாள் இழுபறி. கதைக்காரர் இரண்டு முறை எழுதிக் கிழித்தார். பாட்டை அடியோடு எடுக்க அவர் ஒப்பவில்லை. இருபது வினாடியாகக் குறைத்துக்கொண்டார். கடைசியில் வந்தது இது. நத்தை மண்புழுவிடம் போய், "நான் வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறது. "எனக்குக் கண்ணே கெடையாது. நான் எதைப் பாத்தேன்?" என்கிறது மண்புழு. "ஆனா தடவிப் பாத்தேன். உன் ஓட்டுல ஒரு விரிசல் இருந்துச்சு." நத்தைக்குத் தன் முதுகைத் தானே பார்க்க முடியாது. அதனால் விரிசல் இருந்தது அதற்கு அன்றுவரை தெரியாது. மண்புழுவுக்குக் கண் இல்லை என்பது கதைக்காரரின் யோசனை. அந்த இடத்தைப் படித்தபோது பாப்பு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகுதான், சிரித்தோம் என்பது உறைத்தது.

வெட்டுக்கிளி லட்சணமாகவே இருந்தான். அவள் பேசியதையே வசனமாக எழுதிக்கொண்டார்கள். அவள் குரலையே கொஞ்சம் கனமாக்கிப் பயன்படுத்தலாமா என்று டைரக்டர் கேட்டார். பாப்பு வேண்டாம் என்றாள். மறுநாள் சரி என்றாள். அதற்கடுத்த நாள் மறுபடி வேண்டாம் என்றாள். டைரக்டர் அதற்குமேல் கேட்கவில்லை.

நிஜக் குரல்காரர் வந்தார். ஆறடி உயரம், சாதுவான மனிதர், தொண்டைக்கு இதமாக ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டிருப்பார். அவள் பேசியதை ஹெட்போனில் கேட்டுவிட்டு, "இதை நான் பண்ணா வீட்டுல சேர்க்க மாட்டாங்க" என்றார். மூன்று முறை பேசினார். மூன்றிலும் வில்லன்தான் வந்தான். பாப்புவைக் கூப்பிட்டார்கள்.

"எங்கே தப்பு பண்றேன்மா?" என்று கேட்டார்.

பாப்பு யோசித்தாள். "அவன் பொய் சொல்றதா நெனைச்சுப் பேசறீங்க சார். அவன் பொய் சொல்லல. அவன் அதை நம்பறான்."

சொன்ன பிறகு அவளே திகைத்துப் போனாள். இது அவளுக்கு முன்பே தெரியுமா, இப்போதுதான் தெரிந்ததா? உண்மைதானா என்பதுகூடத் தெரியவில்லை. நான்காவது முறை குரல் சரியாக வந்தது. ஒலிப்பதிவுக்காரர் மறுபடி முன்கையைத் தேய்த்துக்கொண்டார். பாப்பு இந்த முறை முழுவதையும் நின்று கேட்டாள். அந்தக் குரல் வேறொருவர் வாயிலிருந்து வந்ததில், அது அறைக்கு அந்தப் பக்கம் நின்றது.

ஒளிபரப்புக்கு முன்னால் வழக்கம்போல் பன்னிரண்டு குழந்தைகளைக் கம்பளத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழந்தை நடுவில் தூங்கிவிட்டது. மண்புழுவுக்கு எல்லோரும் சிரித்தார்கள். முடிந்ததும் முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

"இப்ப நத்தை வெட்டுக்கிளியோட டூவா, பழமா?"

டைரக்டர் பாப்புவைப் பார்த்தார்.

"நத்தைக்கே தெரியல" என்றாள் பாப்பு.

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்றாள் அந்தச் சிறுமி, எரிச்சலாக. கதைக்காரர் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்பதுபோல் பாப்புவைப் பார்த்தார்.

எபிசோடு ஒரு ஞாயிறு காலை ஒளிபரப்பானது. அது முடிந்து கால் மணி நேரத்தில் அம்மா போன் செய்தாள். மகள் வேலை செய்யும் தொடர் என்று ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பவள். பாப்பு அறையில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்டி. படமெல்லாம் நல்லா போட்டிருக்கே. அந்தப் புழு நல்லாப் பேசுது."

"அப்படியாம்மா?"

"ஆனா பாவம் அந்த வெட்டுக்கிளி" என்றாள் அம்மா. "எவ்வளவு தன்மையாப் பேசுது! இந்த நத்தைதான் எதையும் புரிஞ்சுக்காம வந்துடுச்சு. தனியா என்ன பண்ணும் அது?"

பாப்பு மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அம்மா சொன்னது அவளுக்குப் புரிந்தது. அதுதான் வேடிக்கை. வெட்டுக்கிளி ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் கட்டம் ஒன்று எபிசோடில் உண்டு. அதை வரைந்தபோது அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

"பாவம்தாம்மா" என்றாள்.

"கடைசியில சேர்ந்துடும் இல்ல?"

"தெரியலம்மா. கதைக்காரர்கிட்டதான் கேக்கணும்."

"நீ சொன்னா அவரு கேப்பாரு இல்லியா?"

"கேப்பாரு. ஆனா சேர்த்து வைக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மா போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"ஏன்டி?" என்றாள். எப்போதும் கேட்கிற அதே கேள்விதான். ஆனால் இந்த முறை பதிலுக்குக் காத்திருந்தாள்.

"முழுசா எனக்கே தெரியலம்மா. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். கேக்கறியா?"

"ம், சொல்லு."

பாப்பு துணியை ஒதுக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று பிடிபடவில்லை. மணிக்கட்டில் எழுதியதிலிருந்தா, ஆரஞ்சிலிருந்தா? பிறகு, "அவரு ஒருநாள் என்னை அஞ்சு மணிக்கு வரச் சொன்னாரும்மா" என்று ஆரம்பித்தாள். "அஞ்சுன்னுதான் நெனைக்கறேன்."